'பால் ஊத்திடுங்க' என்கிற ஊரும் 'வென்டிலேட்டர் போடுங்க' என்கிற அண்ணனும்

கேள்வி: திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் எங்கள் ஊர். கத்தோலிக்கக் குடும்பம். மாமனாருக்கு 81 வயது. ஐந்து மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது கை, கால் விழுந்துவிட்டது. பேச்சும் இல்லை. மூக்கு டியூபில்தான் ஆகாரம். கண் திறந்து பார்க்கிறார், ஆள் தெரிகிறது. டியூபை இடது கையால் பிடுங்கப் பார்க்கிறார். வருகிறவர்கள் எல்லாம், "ஏன் இழுத்துக்கிட்டுக் கிடக்கணும்? வயல் மண்ணைக் கரைச்சு ஊத்துங்க, பால் ஊத்துங்க, போய்ச் சேரட்டும்" என்கிறார்கள். தமிழாசிரியராக இருந்த சித்தப்பா, "கோப்பெருஞ்சோழனே வடக்கிருந்துதான் உயிர் விட்டான், ஆகாரத்தை நிறுத்துறதுல பாவம் என்ன?" என்கிறார். சிங்கப்பூரில் இருக்கும் மூத்தார், மூச்சு முட்டினால் உடனே தஞ்சாவூர் கொண்டுபோய் வென்டிலேட்டர் போடச் சொல்கிறார். அஞ்சு மா நிலத்தை விற்றாலும் பரவாயில்லையாம். ஜெபக் கூட்டத்தார் வந்து, டியூபும் மாத்திரையும் அவிசுவாசம் என்று சொல்லிப் போனார்கள். மண் கரைத்துக் கொடுப்பது பாவமா? டியூபை எடுத்தால் கொலையா? வென்டிலேட்டர் வேண்டாம் என்றால் நாங்களே கொன்றதாகிவிடுமா? ஃபாதரைக் கூப்பிட்டால், சாகப்போகிறவருக்கு எண்ணெய் பூசும் 'அவஸ்தை கொடுக்க வந்துட்டாங்க' என்று மாமா பயந்துபோவாரோ? அத்தை வேளாங்கண்ணி எண்ணெயை வாயில் விடச் சொல்கிறார். அதைச் செய்யலாமா?

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தில் எல்லோரும் பேசுகிறார்கள். மாமா மட்டும் பேசவில்லை. அவர் இடது கையால் சொல்வதை முதலில் கவனிப்போம். பாவமா, கொலையா என்ற கேள்வியெல்லாம் அதற்குப் பிறகுதான்.

டியூபைப் பிடுங்குகிறார் என்றால் "சாக விரும்புகிறார்" என்று வீட்டில் எல்லோரும் அர்த்தம் எடுத்துக்கொள்வார்கள். பெரும்பாலும் காரணம் வேறு. மூக்குத் துளையில் புண் இருக்கலாம். பிளாஸ்டரைத் தினமும் மாற்றுங்கள், குழாய் மாற்றும்போது அடுத்த துளையில் போடச் சொல்லுங்கள். மூன்று நாளாக மலம் போகாமல் வயிறு கல்லாக இருக்கலாம். சிறுநீர் அடைத்துக்கொண்டு தொப்புளுக்குக் கீழே உப்பியிருக்கலாம். சிறுநீர்க் குழாய் (கதீட்டர்) இருந்தால், பை காலியாகவே கிடக்கிறதா என்று பாருங்கள். விழுந்த பக்கத்துத் தோள்பட்டை வலி பக்கவாதத்தில் மிகச் சாதாரணம். அக்குளில் கை கொடுத்துத் தூக்குவதும், செயலிழந்த கையைப் பிடித்து இழுத்து உட்கார வைப்பதும் அந்த மூட்டை நழுவச் செய்துவிடும். வாய் இல்லாதவர் வலியை என்ன செய்வார்? கைக்கு எட்டியதைப் பிடுங்குவார்.

இன்னொன்று மனச்சோர்வு. பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அது வருகிறது. அதற்கு மருந்து உண்டு. சிகிச்சை தராமல் விட்ட சோர்வை "பெரியவர் போகத் துடிக்கிறார்" என்று படிப்பது பெரிய தவறு.

கேட்டும் பார்க்கலாம். வலது பக்கம் விழுந்து பேச்சும் போனால் அடி விழுந்தது இடது மூளையில். பேச்சு மட்டுமல்ல, பிறர் பேச்சைப் புரிந்துகொள்வதும் ஓரளவு குறைந்திருக்கும். ஆகவே ஒரு நேரத்தில் ஒரே கேள்வி, சின்னதாக: "தோள் வலிக்குதா மாமா? வலிச்சா கையை அமுக்குங்க." பிறகு அதையே திருப்பிப் போட்டு, "வலிக்கலன்னா அமுக்குங்க" என்று கேளுங்கள். இரண்டுக்கும் அமுக்கினால் கேள்வி புரியவில்லை என்று பொருள். அந்தப் பதிலை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள்.

ஐந்து மாதமாக மூக்கு டியூப் என்பதே கேட்க வேண்டிய விஷயம். பக்கவாதத்தில் போன விழுங்கும் திறன் பலருக்கு வாரங்களில், மாதங்களில் திரும்புகிறது. அதை யாராவது மறுபடி சோதித்தார்களா? நரம்பியல் மருத்துவரிடமோ பேச்சுப் பயிற்சியாளரிடமோ காட்டுங்கள். வீட்டிலேயே ஸ்பூனில் ஊற்றிச் சோதிக்க வேண்டாம். விழுங்கல் திரும்பவில்லை என்றாலும், நாலைந்து வாரத்துக்கு மேல் டியூப் தேவைப்படுகிறவர்களுக்கு வயிற்றில் சின்னத் துளையிட்டு வைக்கும் 'பெக்' குழாய் உண்டு. முகத்தில் ஒன்றும் இருக்காது. பிடுங்கும் போராட்டம் அதோடு நின்றுவிடும் என்று வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் மூக்கும் தொண்டையும் உறுத்துவது நிச்சயம் நிற்கும்.

இனி மண்ணும் பாலும்.

ஆறாத ஆசை ஒன்று உயிரைப் பிடித்து வைத்திருக்கிறது, மண்ணாசை என்றால் வயல் மண், பொன்னாசை என்றால் காசு உரசிய தண்ணீர் என்பது நம் ஊர்க் கணக்கு. செய்த மறுநாளோ மூன்றாம் நாளோ ஜன்னி கண்டு பெரியவர் போய்விடுவார். "பாத்தியா, ஆசை தீந்துச்சு, போயிட்டாரு" என்பார்கள். நடந்தது வேறு. உணவுக் குழாயும் மூச்சுக் குழாயும் தொண்டையில் பக்கத்துப் பக்கத்தில் திறக்கின்றன. விழுங்கும்போது மூச்சுக் குழாயை ஒரு மூடி அடைத்துக்கொள்ளும். பக்கவாதத்தில் அந்த ஒழுங்கு குலைந்துவிடுகிறது. ஊற்றிய பால் நேரே நுரையீரலுக்குள் இறங்கும், இருமவும் தெம்பு இருக்காது. ஓரிரு நாளில் காய்ச்சல், மூச்சிரைப்பு, நிமோனியா. சேற்று மண் கரைத்த தண்ணீர் என்றால் கிருமியும் சேர்ந்து போகும். சடங்கு பலித்துவிட்டதாக ஊர் நம்புவது இதனால்தான்.

செய்கிறவர்கள் யாரும் கொலைகாரர்கள் அல்லர். பெரும்பாலோர் பாசத்தோடும் கண்ணீரோடும்தான் ஊற்றுகிறார்கள். ஆனால் என்ன நடக்கும் என்று தெரிந்தபின், "போய்ச் சேரட்டும்" என்ற எண்ணத்தோடு ஊற்றினால் அது உயிரைப் பறிக்கும் செயல்தான். தென்மாவட்டங்களில் படுத்த முதியவருக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிச் சாகவிடும் தலைக்கூத்தலுக்கும் இதற்கும் வேறுபாடு முறையில்தான். சட்டத்தின் கண்ணிலும் அது கொலைக் குற்றம். இப்போது உங்களுக்குத் தெரியும். ஆகவே செய்ய வேண்டாம்.

ஆனால் அந்த வழக்கத்துக்குள் ஒரு உண்மையும் இருக்கிறது, அதை ஏளனம் செய்ய மாட்டேன். சாகப்போகிறவர் மனதில் முடியாத காரியம் ஏதோ இருக்கும் என்று நம் ஆட்கள் சரியாகவே கண்டுபிடித்திருக்கிறார்கள். மருந்துதான் தவறு. டெல்டாவில் அந்த முடியாத காரியம் பெரும்பாலும் பாகப்பிரிவினை, வரப்புத் தகராறு, வருஷக்கணக்காய்ப் பேசாத அண்ணன் தம்பி. உங்கள் வீட்டில் அப்படி ஏதாவது உண்டா என்று எனக்குத் தெரியாது; இருந்தால் அந்த ஆளை வரவழைத்து மாமா கையைப் பிடிக்கச் சொல்லுங்கள். வயல் மண்ணையும் கொண்டுவரலாம். ஈரமண் ஒரு பிடி எடுத்து அவர் இடது உள்ளங்கையில் வையுங்கள். நாற்றுவிட்ட வயலின் வாசனை அவருக்குத் தெரியும். பிறகு கையைத் துடைத்துவிடுங்கள். உள்ளுக்குக் கொடுக்கத் தேவையில்லை. பால் ஊற்றத் துடிக்கும் அத்தைமார்களுக்கும் ஒரு வேலை கொடுங்கள்: சுத்தமான துணியைத் தண்ணீரில் நனைத்து, நன்றாகப் பிழிந்து, உதட்டையும் நாக்கையும் ஈறையும் துடைக்கட்டும், மூன்று மணிக்கொரு தரம். ஒரு சொட்டுகூட வடியக் கூடாது.

இப்போது சித்தப்பா. புறநானூறு படித்தவரிடம் வாதாடுவது கஷ்டம், ஆனால் இதில் அவர் எடுத்த உதாரணம் பொருந்தவில்லை. கோப்பெருஞ்சோழன் தானே முடிவு செய்து, தன் மானத்துக்காக வடக்கிருந்தான். கட்டிலில் கிடக்கும் ஒருவரின் சோற்றை மற்றவர்கள் கூடி நிறுத்துவதற்கு அவன் பெயரைச் சொல்ல முடியாது. சரி, மாமாவே கேட்டால்? அங்கேதான் கிறிஸ்தவ விசுவாசம் பழந்தமிழ் மரபிலிருந்தும் இன்றைய பேச்சிலிருந்தும் பிரிகிறது. அந்தக் காலத்தில் மானம் போனால் உயிர் வேண்டாம் என்றார்கள், இன்று 'யாருக்கும் பாரமா இருக்கக் கூடாது' என்கிறோம். இரண்டிலும் உயிரின் விலையை ஒருவர் இருக்கும் நிலைதான் தீர்மானிக்கிறது. உழைக்கிற வரை மதிப்பு, படுத்தால் செலவு. விசுவாசம் உயிரை இரவல் பொருளாகப் பார்க்கிறது. கொடுத்தவர் கேட்கும்போது திருப்பித் தருவோம். அதற்கு முன் நாமாக வீசுவதில்லை, கேட்ட பிறகு பிடித்து இழுப்பதுமில்லை.

'நல்ல சாவு' என்ற சொல்லைப் பாருங்கள். இன்று அதற்கு என்ன அர்த்தம்? படுக்கையில் விழாமல், யாருக்கும் தொந்தரவில்லாமல், தூக்கத்திலேயே பொட்டென்று போவது. பூசைக்குத் தவறாமல் போகிறவர்களும் அப்படித்தான் வேண்டிக்கொள்கிறார்கள். ஆனால் நம் பழைய புனிதர் மன்றாட்டு மாலையில், எதிர்பாராத திடீர்ச் சாவிலிருந்து எங்களை மீட்டருளும் என்றுதான் கேட்பது! சூசையப்பரிடம் கேட்கும் 'நன்மரணம்' வலியில்லாச் சாவு என்று மட்டும் பொருள்படாது. பாவசங்கீர்த்தனம் செய்து, மன்னிப்புக் கேட்டு, கொடுத்து, பிள்ளைகள் சுற்றி நிற்க, நற்கருணையோடு போவது. தயாராக நேரம் கிடைப்பதை நம் பாட்டிகள் வரமாக நினைத்தார்கள். நாம் அதையே சாபமாக நினைக்கிறோம். "என்ன பாவம் செஞ்சாரோ, இப்படிக் கிடக்கார்" என்று யாராவது சொன்னால், பிறவியிலேயே பார்வையற்றவனைக் காட்டிச் சீடர்கள் கேட்ட அதே கேள்வி அது. இவன் செய்த பாவமும் அல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமும் அல்ல என்று இயேசு முடித்துவிட்டார் (யோவான் 9). அதற்கு மேல் அந்தப் பேச்சை வளர்க்க வேண்டாம்.

டியூபை எடுக்கலாமா? மாமாவின் இன்றைய நிலையில், கூடாது. 2007 ஆகஸ்ட் 1 அன்று வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் இதற்கு நேரடியாகவே பதில் சொன்னது. உணர்வே இல்லாமல் கிடப்பவருக்குக்கூட, குழாய் வழியாகக் கொடுக்கும் உணவும் தண்ணீரும் சாதாரணப் பராமரிப்பு, அது உடம்புக்குப் போய்ச் சேரும் வரை கொடுக்க வேண்டும். உங்கள் மாமாவோ ஆளைத் தெரிந்துகொள்கிறார். டியூபை எடுத்தால் அவர் பட்டினியால்தான் சாவார், பக்கவாதத்தால் அல்ல.

'போய்ச் சேரும் வரை' என்ற வார்த்தையைப் பிடித்துக்கொள்ளுங்கள். கடைசி நாட்களில் குடல் வேலை செய்யாது. கொடுத்த கஞ்சி அடுத்த வேளை சிரிஞ்சால் உறிஞ்சிப் பார்த்தால் அப்படியே திரும்பும், வயிறு உப்பும், கால் வீங்கும், நெஞ்சில் நீர் கோக்கும். அப்போது அளவைக் குறைப்பதும் மருத்துவர் சொல்ல நிறுத்துவதும் பட்டினி போடுவதாகாது. உடம்பு வாங்க மறுப்பதைத் திணிக்காமல் இருப்பது அது.

கொடுக்கும் வரை ஒழுங்காகக் கொடுங்கள். படுத்த நிலையில் ஊற்றாதீர்கள். தலைப்பக்கம் 45 டிகிரி உயர்ந்திருக்க வேண்டும், முடிந்தபின் ஒரு மணி நேரம் அப்படியே. மூக்கின் ஓரத்தில் குழாயில் பேனாவால் ஒரு கோடு போட்டு வையுங்கள்; ஒவ்வொரு வேளையும் கோடு அதே இடத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். கோடு வெளியே வந்திருந்தால் ஒன்றும் ஊற்றாதீர்கள், நீங்களாகத் தள்ளவும் வேண்டாம், செவிலியரைக் கூப்பிடுங்கள். நன்றாக வடிகட்டிய கஞ்சி, பருப்புத் தண்ணீர், பால் எதுவானாலும் ஒரு வேளைக்கு 200 முதல் 250 மில்லி. சிரிஞ்சை உயர்த்திப் பிடித்து தானாக இறங்க விடுங்கள், அமுக்கித் தள்ளாதீர்கள். கடைசியில் 50 மில்லி சுத்தமான தண்ணீர் விடவில்லை என்றால் குழாய் அடைத்துக்கொள்ளும். சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவும் வகையும் மாறும், மருத்துவரைக் கேளுங்கள். படுக்கைப் புண்ணைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிவிடுகிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். சிவந்த இடத்தைத் தேய்க்க மட்டும் வேண்டாம்.

வென்டிலேட்டர் விஷயத்தில் உங்கள் மூத்தார் மேல் கோபப்படாதீர்கள். தூரத்தில் இருக்கும் பிள்ளைக்குப் பணம் ஒன்றுதான் கையில் இருக்கிறது, அதைக் கொண்டு கடனைத் தீர்க்கப் பார்க்கிறார். "கடைசி வரைக்கும் பாத்தாங்க" என்று நாலு பேர் சொல்ல வேண்டும் என்பதும் நம் ஊரில் சின்ன விஷயமல்ல. ஆனால் விசுவாசம் அதைக் கேட்கவில்லை. மயக்க மருந்து நிபுணர்கள் கேட்ட கேள்விக்குப் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் (பயஸ்) 1957 நவம்பர் 24 அன்று சொன்ன பதில்தான் இன்றுவரை அடிப்படை: உயிரைக் காக்கச் சாதாரண வழிகளைக் கையாள்வது கடமை. நோயாளிக்கோ மற்றவருக்கோ பெரும் சுமையாகும் வழிகளைக் கையாளக் கட்டாயமில்லை. 'மற்றவருக்கோ' என்பதில் உங்கள் அஞ்சு மா நிலமும் அடக்கம். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி 2278-ஆம் எண்ணும் இதையே சொல்கிறது. சுமையான, ஆபத்தான, பலனுக்குப் பொருந்தாத வைத்தியத்தை நிறுத்துவது முறையானதே. அதன் மூலம் சாவைத் தேடவில்லை, தடுக்க முடியாது என்பதை ஏற்கிறோம்.

ஆகவே வென்டிலேட்டர் வேண்டாம் என்பது கொலை ஆகாது. அதே நேரம் எல்லாருக்கும் எப்போதும் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மருத்துவரிடம் மூன்றைக் கேளுங்கள். வந்திருக்கும் சிக்கல் தீரக்கூடியதா? தீர்ந்தால் மாமா எந்த நிலைக்குத் திரும்புவார்? பலன் உண்டா இல்லையா என்று எத்தனை நாளில் தெரியும்? சளி, காய்ச்சல் வந்தால் ஊசி மருந்தும் ஆக்சிஜனும் கொடுத்துப் பார்ப்பது சாதாரண வைத்தியம், அதைச் செய்யுங்கள். அதற்கும் மேல் குழாய் இறக்கி இயந்திரத்தில் போடுவது என்றால், 81 வயதில், படுக்கையில் இருப்பவருக்கு, இயந்திரத்திலிருந்து இறங்குவதே பெரும்பாடு. ஒன்றிரண்டு வாரம் தாண்டினால் கழுத்தில் துளையிடும் பேச்சு வரும். நெஞ்சை அமுக்கி உயிர்ப்பிக்கும் முயற்சியில் அந்த வயதில் விலா எலும்பு முறிவது சகஜம். மூத்தாரை வீடியோ காலில் அழைத்து, மருத்துவர் வாயாலேயே இதைக் கேட்க வையுங்கள். நீங்கள் சொன்னால் மருமகள் செலவுக்குப் பயப்படுகிறாள் என்றாகும்.

இந்தப் பேச்சை மூச்சு முட்டும் முன் பேசி முடியுங்கள். நள்ளிரவில் 108 வந்து நிற்கும்போது யாரும் யோசிப்பதில்லை, ஏற்றிவிடுவோம். ஏற்றிய பின் இயந்திரத்தை எடுக்கச் சட்டப்படி ஒரு வழி இருக்கிறது. 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றம் அனுமதித்து, 2023 ஜனவரி 24 அன்று நடைமுறையை எளிதாக்கியது: சிகிச்சை தரும் மருத்துவரும் இரு நிபுணர்களும் சேர்ந்த முதல் குழு, பிறகு மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி நியமிக்கும் ஒருவர் இடம்பெறும் இரண்டாம் குழு, ஒவ்வொன்றும் முடிந்தவரை 48 மணி நேரத்துக்குள் கருத்துச் சொல்ல வேண்டும், குடும்பத்தின் சம்மதமும் வேண்டும். அவசரத்தில் இதையெல்லாம் ஓடியாடிச் செய்வதைவிட, வீட்டிலேயே பார்ப்பது என்று முன்கூட்டி முடிவெடுத்து, நோயின் நிலையையும் முடிவையும் மருத்துவரிடம் எழுதி வாங்கி வைப்பது மேல். அதே தீர்ப்பின்படி, நல்ல நினைவோடு இருக்கும் எவரும் தனக்கு என்ன சிகிச்சை வேண்டும், வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாம். இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்து, நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியின் சான்று, அவ்வளவுதான். மாமாவுக்கு அந்தக் காலம் கடந்துவிட்டது. அத்தைக்குக் கடக்கவில்லை. மாமா நன்றாக இருந்தபோது யாருடைய சாவிலாவது, "எனக்கு இப்படிப் பண்ணாதீங்கப்பா" என்று சொல்லியிருக்கிறாரா? அத்தைக்கு ஞாபகம் இருக்கும், கேளுங்கள். அதற்கு நிறைய மதிப்பு உண்டு.

வலி மருந்து பற்றியும் ஒரு வார்த்தை. ஆண்டவர் சிலுவையில் பட்டார், நாமும் பட்டுத்தான் ஆக வேண்டும் என்று மார்ஃபினை மறுக்கும் வீடுகள் உண்டு. வேண்டாம். அதே பாப்பரசர் 1957 பிப்ரவரி 24 அன்று, வலியைத் தணிக்கும் நோக்கத்தோடு கொடுக்கும் மருந்து ஆயுளைச் சற்றுக் குறைக்க நேர்ந்தாலும், வேறு வழியில்லாதபோது கொடுக்கலாம் என்று தெளிவாக்கினார். சரியான அளவில் கொடுத்தால் அது ஆயுளைக் குறைப்பதுமில்லை. மலச்சிக்கல் கட்டாயம் வரும் என்பதால் பேதி மருந்தும் கூடவே எழுதச் சொல்லுங்கள். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வலிநிவாரணச் செவிலியரும் பிசியோதெரபிஸ்ட்டும் வீட்டுக்கே வருகிறார்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதியுங்கள், அல்லது 104-இல் கேளுங்கள்.

ஜெபக் கூட்டத்தார் ஜெபிக்கட்டும். மாத்திரையில் கை வைக்க விடாதீர்கள். எசேக்கியா அரசன் சாகக் கிடந்து ஜெபித்தபோது ஆண்டவர் 15 ஆண்டு கூட்டிக் கொடுத்தார். அந்த வாக்கைக் கொண்டுவந்த எசாயாவேதான் அத்திப்பழ அடையைக் கட்டியின் மேல் வைக்கச் சொன்னார் (2 அரசர் 20). ஜெபமும் பற்று மருந்தும் ஒரே படுக்கையில். இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தினால் அடுத்த பக்கவாதம் வரும் வாய்ப்பு ஏறும். வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் திடீரென்று நிறுத்தியதுமே வலிப்பு வரலாம். அவர்கள் அப்போது அடுத்த ஊர்க் கூட்டத்தில் இருப்பார்கள்.

ஃபாதரை இந்த வாரமே கூப்பிடுங்கள். 'அவஸ்தைப் பூசுதல்' என்ற பழைய பெயர்தான் இவ்வளவு பயத்துக்கும் காரணம். இரண்டாம் வத்திக்கான் சங்கமே, இது சாகும் தருவாயில் இருப்பவருக்கு மட்டுமானது அல்ல என்று சொல்லி 'நோயில் பூசுதல்' என்ற பெயரையே பொருத்தமானது என்றது. யாக்கோபு 5-ஆம் அதிகாரத்தில் மூப்பர்களை வரவழைக்கச் சொல்வது நோயாளிக்குத்தான், சவத்துக்கு அல்ல. நிலைமை மோசமானால் மறுபடியும் பெறலாம். நினைவு தப்பிய பிறகு அவசர அவசரமாகக் கூப்பிட்டாலும் கொடுப்பார்கள். ஆனால் தெரிந்து பெற வேண்டியதைத் தெரியாமல் பெற வைப்பது யாருக்கு லாபம்? முதல் நாளே மாமாவிடம், "நாளைக்கு ஃபாதர் வர்றாரு, ஜெபிச்சு எண்ணெய் பூசி, தெம்பு கேக்கப் போறாரு" என்று சாதாரணமாகச் சொல்லிவிடுங்கள். பேச முடியாதவருக்கும் பாவமன்னிப்பு உண்டு. கையை அமுக்குவதும் தலையசைப்பதும் போதும். நெற்றியிலும் கைகளிலும் பூசுவார். விழுங்க முடியாதவர் என்பதை முன்கூட்டியே சொல்லுங்கள், நற்கருணையை எப்படிக் கொடுப்பது, ஒரு துளி திருஇரத்தமாகவா (இரச வடிவில்) என்று அவர் செவிலியரையும் கேட்டு முடிவு செய்வார். ஒரு சின்ன மேசை, வெள்ளைத் துணி, பாடுபட்ட சுரூபம், தீர்த்தம் போதும். ஆக்சிஜன் ஓடும் அறையில் மெழுகுவர்த்தி கொளுத்தவே வேண்டாம்.

(வாசகர்களில் லுத்தரன், சி.எஸ்.ஐ. குடும்பங்களும் இருப்பீர்கள். உங்களுக்கு இது அருட்சாதனம் இல்லை. ஐயரை அழைத்து ஜெபமும் திருவிருந்தும் கேளுங்கள், பெயர்தான் வேறு.)

நீங்கள் உங்களைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. இரண்டு மணிக்கொரு தரம் புரட்டுவதும், நாளைக்கு ஆறு வேளை குழாயில் ஊற்றுவதும், துணி மாற்றுவதும் யார்? பெரும்பாலும் மருமகள். "போய்ச் சேரட்டும்" என்ற எண்ணம் இரவு மூன்று மணிக்கு உங்களுக்கும் வந்திருந்தால் அது பாவம் அல்ல, தூக்கமின்மை. தாய் தந்தையை மதித்து நட என்ற கட்டளை பிள்ளைகளுக்குக் கொடுக்கப்பட்டது, உங்கள் கணவருக்கும் சேர்த்து. குறுவை வேலை இருந்தாலும் வாரத்தில் மூன்று இரவு அவர் பார்க்க வேண்டும். மூத்தார் அனுப்பத் தயாராக இருக்கும் வென்டிலேட்டர் பணத்தில் சிறு பங்கு போதும், பகலில் ஒரு ஆள் வைக்கவும் காற்று மெத்தை வாங்கவும். அதை அவரிடம் வெட்கப்படாமல் கேளுங்கள். உங்கள் அன்பியத்தில் (பங்கின் சிறு குழுவில்) வீட்டுக்கு வந்து செபமாலை சொல்கிறவர்களிடம், வாரம் இரண்டு மணி நேரம் மாமா பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். நீங்கள் தூங்குங்கள்.

முடிவு நெருங்கும்போது மூச்சு விட்டுவிட்டு வரும், கால் குளிரும், தொண்டையில் கரகர சத்தம் கேட்கும். சத்தம் நமக்குத்தான் பயங்கரம். அந்த நிலையில் அவருக்கு அது பெரும்பாலும் தெரியாது. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், காது கேட்கும் என்று நினைத்துப் பேசுங்கள். வீட்டில் இறந்தால் 21 நாளுக்குள் கிராம நிர்வாக அலுவலரிடம் பதிய வேண்டும். மருத்துவர் எழுதிக் கொடுத்த காகிதம் அப்போதும் உதவும்.

அத்தையின் வேளாங்கண்ணி எண்ணெயை நெற்றியிலும் நெஞ்சிலும் பூசுங்கள், அத்தை கையாலேயே. வலது தோளிலும் மெதுவாகத் தடவட்டும். வாயிலும் வேண்டாம், குழாயிலும் வேண்டாம். பால்கூட நுரையீரலில் போனால் மருந்து கேட்கும். எண்ணெய் போய்ப் படிந்துவிட்டால் எளிதில் வெளியேறாது.